தயிர் கடையும் தயிர்க்கடையும்: ஆங்கிலக் கூட்டுப்பெயர்களுக்கு ஒற்று எங்கே?

'தயிர் கடை' என்று எழுதினால் மத்தை எடுத்துத் தயிரைக் கடையச் சொல்கிறோம். 'தயிர்க்கடை' என்று எழுதினால் அங்கே போய்த் தயிர் வாங்கலாம். நடுவில் வந்து உட்கார்ந்த ஒரு 'க்' அத்தனையையும் மாற்றிவிடுகிறது. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று பள்ளியில் மனப்பாடம் செய்த காலத்தில் அதன் அருமை எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரே பெயராகும்போது, சேர்ந்துவிட்டோம் என்று காட்ட ஆங்கிலத்திலும் ஓர் அடையாளம் இருக்கிறது. அதை எழுத்தில் தேடினால் அகப்படாது. குரலில் கேட்க வேண்டும்.

'கிரீன்ஹவுஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். குளிர்நாடுகளில் செடி வளர்க்கக் கட்டும் கண்ணாடிக் கூடம் அது. 'கிரீன் ஹவுஸ்' என்றால் பச்சை வண்ணம் பூசிய வீடு. எழுத்தில் ஓர் இடைவெளிதான் வித்தியாசம். பேச்சிலோ, 'கிரீன்' மேல் குரலை ஏற்றி 'ஹவுஸ்' மேல் இறக்கினால் கண்ணாடிக் கூடம். 'ஹவுஸ்' மேல் அழுத்தம் விழுந்தால் பச்சை வீடு. 'பிளாக்பர்ட்' என்று முதல் பாதியை அழுத்திச் சொன்னால் ஐரோப்பாவில் பாடித் திரியும் ஒரு குறிப்பிட்ட பறவை இனம். அதில் பெண் பறவை கறுப்பாகவே இருக்காது, பழுப்பு நிறம். பின்பாதியை அழுத்தினால் கறுப்பாக உள்ள எந்தப் பறவையும் ஆகலாம், நம் காக்கை உட்பட. அமெரிக்க அதிபர் குடியிருக்கும் 'ஒயிட் ஹவுஸ்' இடைவெளி விட்டுத்தான் எழுதப்படுகிறது. ஆனாலும் சொல்லும்போது குரல் 'ஒயிட்' மேல் ஏறுகிறது, ஏனென்றால் அது ஒரு பெயராகிவிட்டது.

இன்னும் நெருக்கமான உதாரணம் 'இங்கிலீஷ் டீச்சர்'. முன்சொல்லை அழுத்தினால் ஆங்கிலப் பாடம் நடத்துபவர், நம்மூர்க்காரராகவும் இருக்கலாம். பின்சொல்லை அழுத்தினால் இங்கிலாந்துக்காரர், அவர் கணக்குப் பாடம் நடத்துபவராகவும் இருக்கலாம். எழுத்தில் இரண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம்கூட இல்லை.

இதில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. தமிழில் ஒரு சொல்லின் எந்தப் பகுதியை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. 'மரம்' என்பதை எப்படி அழுத்தினாலும் மரம்தான். அதனால் நம் காது அழுத்தத்தைச் செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் வளர்ந்துவிட்டது. அது காதின் குறையல்ல, பழக்கம். ஒற்றைக் கவனிக்கப் பழகிய அதே காதை அழுத்தத்தின் பக்கம் திருப்பினால் போதும்.

திருப்புவதற்கு உதவும் சில வழக்கங்கள் உண்டு. ஒரு பொருள் எதனால் ஆனது என்று முன்சொல் சொன்னால், பெரும்பாலும் பின்சொல்லில்தான் அழுத்தம் விழும். 'கோல்ட் ரிங்' தங்கத்தால் ஆன மோதிரம். 'காட்டன் ஷர்ட்' பருத்திச் சட்டை. இரண்டிலும் பின்சொல்தான் ஓங்கி ஒலிக்கும். எதற்காக, எதைச் செய்ய என்று முன்சொல் சொன்னால் அழுத்தம் முன்னே வந்துவிடும். 'டாய் ஃபேக்டரி' என்பதில் 'டாய்' ஓங்கினால் பொம்மை செய்யும் தொழிற்சாலை. 'ஃபேக்டரி' ஓங்கினால் குழந்தை விளையாடத் தொழிற்சாலை வடிவில் செய்த பொம்மை. தமிழில் 'பொம்மைத் தொழிற்சாலை' என்று ஒற்றுப் போட்டு எழுதினாலும் இரண்டு பொருளுக்கும் இடம் இருக்கிறது. இந்த ஓர் இடத்தில் ஆங்கிலக் குரல் நம் ஒற்றைவிட நுட்பமாக வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வினைத்தொகையை நினைவிருக்கிறதா? குடிநீர், கொதிநீர் இரண்டும் தமிழில் ஒரே அச்சில் வார்த்தவை. ஆங்கிலம் அவற்றைப் பிரித்துவிடுகிறது. 'டிரிங்கிங் வாட்டர்' என்பதில் தண்ணீர் எதையும் குடிப்பதில்லை. குடிப்பதற்கான தண்ணீர் என்று வகையைச் சொல்கிறது. ஆகவே அது கூட்டுப்பெயர், அழுத்தம் முன்னே. 'பாய்லிங் வாட்டர்' என்பதில் தண்ணீரே கொதித்துக்கொண்டிருக்கிறது. அது வெறும் அடைமொழி, அழுத்தம் பின்னே. 'ஸ்லீப்பிங் பேக்' என்பது தூங்குவதற்கான பை, பை தூங்குவதில்லை. 'ஸ்லீப்பிங் சைல்ட்' என்றால் குழந்தையே தூங்குகிறது. 'சுவிம்மிங் பூல்', 'வாஷிங் மெஷின்' போன்றவற்றை இதே கேள்வியால் சோதிக்கலாம்: அந்த வேலையைச் செய்வது பின்சொல்லா, அல்லது பின்சொல் அந்த வேலைக்காக இருக்கிறதா? வாஷிங் மெஷினில் மட்டும் கொஞ்சம் குழம்பும், ஏனென்றால் இயந்திரம் துவைக்கவும் செய்கிறது, துவைப்பதற்காகவும் இருக்கிறது. நிற்கிற இயந்திரத்தையும் வாஷிங் மெஷின் என்றுதானே சொல்கிறோம்? அப்படியானால் அது பெயர்.

விலக்குகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 'ஆப்பிள் கேக்' என்றால் அழுத்தம் ஆப்பிளில், 'ஆப்பிள் பை' என்றால் பையில். தெருப் பெயர்களில் 'ஸ்ட்ரீட்' வந்தால் குரல் அதன் மேல் ஏறாது: லண்டன் 'ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்' என்பதில் 'ஆக்ஸ்' மட்டுமே ஓங்கும். 'ரோடு' வந்தால் ரோடு ஓங்கும். சென்னை 'மவுண்ட் ரோடு' என்பதை இங்கிலாந்துக்காரர் ஒருவர் சொல்லிக் கேட்டால் 'ரோடு' தனியாகத் தூக்கலாகக் கேட்கும். இவற்றுக்குக் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கேட்டுப் பழகினால் வந்துவிடும்.

குரலில் சந்தேகம் வந்தால் இன்னொரு சோதனை இருக்கிறது. முன்சொல்லுக்கு முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள். 'வெரி கிரீன் ஹவுஸ்' என்றால் மிகவும் பச்சையான வீடு, சரி. 'வெரி' வந்தவுடனே கண்ணாடிக் கூடம் காணாமல் போய்விடுகிறது. 'குடிநீர்' என்பதற்கு முன் 'மிகவும்' போட்டுப் பாருங்கள், அதே உறுத்தல்தான். சேர்ந்துபோன சொற்களுக்குள் இன்னொன்றை நுழைக்க முடியாது.

அடுத்தது வரிசை. இதில் நமக்குக் கிடைத்திருக்கும் வசதியை நாம் உணர்வதே இல்லை. ஆங்கிலக் கூட்டுப்பெயரில் கடைசிச் சொல்தான் தலைமை. 'ஹவுஸ்போட்' படகு, 'போட்ஹவுஸ்' படகு நிறுத்தும் கொட்டகை. 'ரேஸ்ஹார்ஸ்' குதிரை, 'ஹார்ஸ் ரேஸ்' பந்தயம். 'மில்க் சாக்லேட்' கடிக்க, 'சாக்லேட் மில்க்' குடிக்க. தமிழும் அப்படியேதான்: தோட்டவீடு வீடு, வீட்டுத்தோட்டம் தோட்டம். ஆகவே 'ஸ்கூல் பஸ் டிரைவர் டிரெயினிங் சென்டர்' என்று ஐந்து சொல் வரிசையாக வந்து மிரட்டினாலும், தமிழில் 'பள்ளிப் பேருந்து ஓட்டுநர் பயிற்சி மையம்' என்று ஒரு சொல்கூட இடம் மாறாமல் இறங்கிவிடும். பிரெஞ்சுக்காரருக்கு இந்த வசதி இல்லை. புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் நடந்தவர்கள் பெயர்ப் பலகைகளைப் பார்த்திருப்பார்கள். தமிழில் 'துய்மா வீதி' என்று வீதி கடைசியில் வரும், பிரெஞ்சில் 'ரூ துய்மா' என்று வீதி முதலில் வரும். தண்டவாளப் பாதையைப் பிரெஞ்சில் 'இரும்பின் பாதை' என்ற பொருளில், பாதையை முன்னே வைத்துத்தான் சொல்வார்கள். அவர்கள் ஆங்கிலம் படிக்கும்போது மனதுக்குள் ஒவ்வொரு தடவையும் சொற்களைத் திருப்பிப் போட வேண்டும். நமக்கு அந்த உழைப்பு மிச்சம்.

ஆங்கிலச் செய்தித் தலைப்புகள் புரியவில்லை என்று பலர் சொல்வதுண்டு. அங்கே இடைச்சொற்களை எல்லாம் உதறிவிட்டுப் பெயர்களை மட்டும் அடுக்குவார்கள். கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். 'பிரிட்ஜ் கொலாப்ஸ் இன்குவயரி ரிப்போர்ட்' என்றால் முதலில் அது ஓர் அறிக்கை. என்ன அறிக்கை? விசாரணை அறிக்கை. எதைப் பற்றிய விசாரணை? இடிந்து விழுந்தது பற்றி. எது விழுந்தது? பாலம். அவ்வளவுதான்.

வரிசை தெரிந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. இரண்டு சொற்களுக்கும் நடுவே உள்ள உறவு என்ன என்பதுதான் இதில் சுவையான பகுதி. 'ஆலிவ் ஆயில்' ஆலிவிலிருந்து எடுத்த எண்ணெய். 'பேபி ஆயில்' குழந்தையிலிருந்து எடுத்தது இல்லை! குழந்தைக்குப் பூசுவது. வடிவம் ஒன்று, உறவு வேறு. ஆங்கில இலக்கணம் சொல்லும் வகுப்புகளில் எல்லாம் இந்த உதாரணம் வரும். ஆனால் நம் வீட்டு அலமாரியிலேயே இதே ஜோடி இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தேங்காயிலிருந்து வருவது. விளக்கெண்ணெய் விளக்கிலிருந்து வருவதில்லை, விளக்குக்கு ஊற்றியது. யாரும் நமக்கு விளக்கிச் சொன்னதில்லை, ஆனாலும் ஒரு தடவைகூட நாம் குழம்பியதில்லை.

இந்த மறைந்த உறவைப் பிடித்து விரித்துக் காட்டத்தான் நம் இலக்கணத்தில் தொகை என்ற பகுதியே இருக்கிறது. தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் வேற்றுமை, வினை, பண்பு, உவமை, உம்மை, அன்மொழி என்று ஆறு வகை சொல்லப்பட்டிருக்கிறது. பொற்குடம் என்றால் பொன்னால் ஆகிய குடம், தயிர்க்குடம் என்றால் தயிரை உடைய குடம் என்று விரித்தோமே, அதே கத்தியை எடுத்து ஆங்கிலச் சொற்களைக் கீறிப் பாருங்கள். 'விண்ட்மில்' காற்றால் சுற்றும் ஆலை, 'ஃப்ளவர் மில்' மாவை அரைக்கும் ஆலை. 'டூத்பேஸ்ட்' பல்லுக்குப் பூசும் பசை. 'ஹார்ஸ்ஷூ' குதிரைக்கு அடிக்கும் லாடம், 'லெதர் ஷூ' தோலால் ஆன செருப்பு. 'கிச்சன் கார்டன்' அடுக்களைக்குக் காய் கொடுக்கும் தோட்டம். மாணவர்களிடம் பொருளை எழுது என்று சொன்னால் திணறுகிறார்கள். உருபையும் பயனையும் விரித்து எழுது என்று சொன்னால் எழுதிவிடுகிறார்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே சாவி இருக்கிறது என்பதை ஆங்கிலப் பாடநூல் சொல்வதில்லை, தமிழ்ப் பாடநூலும் சொல்வதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அன்மொழித்தொகை இன்னும் அழகு. 'பொற்றொடி வந்தாள்' என்றால் பொன் வளையல் நடந்து வரவில்லை, அதை அணிந்த பெண் வந்தாள். சொல்லில் இல்லாத ஆள் பொருளில் நிற்கிறாள். 'பிக்பாக்கெட்' என்பது பை அல்ல, பையைக் கொய்பவன். 'ஸ்கேர்க்ரோ' காக்கை அல்ல, காக்கையை விரட்ட நட்டது. 'பேப்பர்பேக்' என்றால் காகித அட்டை போட்ட புத்தகம், 'ரெட்ஹெட்' என்றால் செம்பட்டை முடி கொண்டவர். கடைசிச் சொல்தான் தலைமை என்று மேலே சொன்னேன் அல்லவா? இந்த வகையில் தலைமை சொல்லுக்கு வெளியே போய்விடுகிறது. பண்புத்தொகைக்கு 'பிளாக்போர்டு'. உவமைத்தொகைக்கு 'கேட்ஃபிஷ்', பூனை மாதிரி மீசை வைத்த மீன்.

உம்மைத்தொகையில்தான் நாம் சறுக்குவோம். தாய்தந்தை, இரவுபகல், செடிகொடி என்று நாம் தாராளமாகச் சேர்ப்போம். ஆங்கிலம் இதில் கஞ்சத்தனம் காட்டும். 'மதர்ஃபாதர்' என்று சேர்க்க முடியாது, நடுவில் 'அண்டு' போட்டே ஆக வேண்டும். ஓர் ஆளே இரண்டு வேலை செய்தால் மட்டும் 'ஆக்டர்-டைரக்டர்', 'சிங்கர்-சாங்ரைட்டர்' என்று கோடு போட்டுச் சேர்ப்பார்கள்.

ஒருமை பன்மைக்கு வருவோம். பல செருப்புகள் விற்றாலும் நாம் 'செருப்புகள் கடை' என்று சொல்வதில்லை, செருப்புக்கடை. 'பூக்கள் கடை' இல்லை, பூக்கடை. ஆங்கிலத்திலும் 'ஷூஸ் ஷாப்' இல்லை, 'ஷூ ஷாப்'. முப்பத்திரண்டு பல்லையும் துலக்கினாலும் 'டீத்பிரஷ்' இல்லை, 'டூத்பிரஷ்'தான். தனியே நிற்கும்போது எப்போதும் பன்மையாகவே வரும் 'டிரவுசர்ஸ்'கூட, பையோடு சேரும்போது 'டிரவுசர் பாக்கெட்' ஆகிவிடும். எண் வந்தாலும் அப்படியே: 'டென் ருப்பி நோட்', 'ஃபைவ் இயர் ஓல்ட் பாய்'. நான் திருத்திய தாள்களில் அதிகம் சிவப்பு மை வாங்கியது இந்த இடம்தான். 'டென் ருப்பீஸ் நோட்' என்று எழுதுகிறார்கள். தமிழில் 'பத்து ரூபாய்கள் நோட்டு' என்று எழுத அவர்களுக்கே கை வராது. ஆங்கிலம் என்றதும் பயந்து ஓர் 'எஸ்' கூடுதலாகப் போட்டுவிடுகிறார்கள். 'ஸ்போர்ட்ஸ் கார்', 'சேவிங்ஸ் பேங்க்', 'கஸ்டம்ஸ் ஆஃபீசர்' ஆகிய சிலவற்றில் 'எஸ்' நிலைத்து நிற்கும். அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முழுச் சொல்லையும் பன்மையாக்க வேண்டுமானால் தலைமை எங்கே என்று பாருங்கள். மாமியார் பலர் என்றால் 'மதர்ஸ்-இன்-லா', வழிப்போக்கர் பலர் என்றால் 'பாஸர்ஸ்-பை'. 'உமன் டாக்டர்' மட்டும் இரண்டு பக்கமும் மாறி 'விமன் டாக்டர்ஸ்' ஆகும்.

ஓரிடத்தில் தமிழ் நம்மைத் தவறாக அழைத்துப் போகும். 'காபி கப்' என்றால் ஆங்கிலத்தில் பாத்திரம், அது காலியாகவும் இருக்கலாம். உள்ளே காபி வேண்டுமானால் 'கப் ஆஃப் காபி' என்று கேட்க வேண்டும். 'மேட்ச்பாக்ஸ்', 'பாக்ஸ் ஆஃப் மேட்சஸ்' என்பதும் அதே கதை. இன்னொன்று பால். தேங்காய்ப்பால் 'கோகனட் மில்க்', ஆனால் பசும்பால் 'கவ்ஸ் மில்க்'. உயிரோடு இருக்கும் விலங்கு தருவது என்றால் உடைமைக் குறி வரும், ஆட்டுப்பாலுக்கு 'கோட்ஸ் மில்க்'. விலங்கை அறுத்துச் செய்தது என்றால் பொதுவாக வராது: 'சிக்கன் சூப்', 'லாம்ப் சாப்ஸ்'.

சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா, நடுவில் கோடு போடுவதா என்று கேட்டால், ஆங்கிலேயரே ஒரு முடிவுக்கு வந்ததில்லை. பொதுவாகப் புதுச்சொல் பிரிந்து பிறக்கும், கொஞ்ச நாள் கோட்டோடு நடக்கும், பழகிய பிறகு ஒட்டிக்கொள்ளும். 'டுடே' என்பதையே நூறு வருடத்துக்கு முன் நடுவில் கோடு போட்டு எழுதினார்கள். 2007இல் வந்த 'ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு' அகராதியின் 6ஆம் பதிப்பு சுமார் 16,000 சொற்களிலிருந்து கோட்டை எடுத்துவிட்டது. 'ஐஸ் கிரீம்' பிரிந்தது, 'பம்பிள்பீ' ஒட்டிக்கொண்டது. அமெரிக்கப் பத்திரிகைகள் பின்பற்றும் அசோசியேட்டட் பிரஸ் நடைக் கையேடு 'வெப்சைட்' என்பதை 2010இல் ஒரே சொல்லாக்கியது, 'ஈமெயில்' என்பதன் கோட்டை 2011இல் நீக்கியது. ஆகவே ஏதாவது ஒரு நல்ல அகராதியை வைத்துக்கொண்டு ஒரே மாதிரி எழுதுங்கள். பொருள் கெடும் இடத்தில் மட்டும் கோட்டை விட்டுவிடாதீர்கள். 'மேன்-ஈட்டிங் டைகர்' ஆட்கொல்லிப் புலி. கோட்டை எடுத்தால் புலியைத் தின்றுகொண்டிருக்கும் மனிதன் என்றும் படிக்கலாம்.

ஒட்டிக்கொண்ட சொற்கள் காலப்போக்கில் உருகி, இரண்டாக இருந்ததே தெரியாமல் போவதும் உண்டு. 'கப்போர்டு' ஒரு காலத்தில் கோப்பை வைக்கும் பலகை. இன்று 'ப்' ஒலி விழுந்து 'கபர்ட்' என்றாகி, துணி வைக்கவும் பயன்படுகிறது. 'லார்டு' பழைய ஆங்கிலத்தில் ரொட்டியைக் காப்பவன், 'லேடி' மாவு பிசைபவள். 'விண்டோ' என்ற சொல் வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களின் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்று பொருள்படும் கூட்டுச்சொல். இதைப் படித்த அன்று எனக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. அங்கே சாளரத்துக்குக் 'காலதர்' என்று பெயர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. புகாரின் மாளிகைகளை 'மான்கட் காலதர் மாளிகை' என்கிறார் இளங்கோ, மானின் கண் போன்ற சாளரம் வைத்த மாளிகைகள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மொழிகள் சுவரில் இருந்த துளையைப் பார்த்துக் காற்றையும் கண்ணையும் நினைத்திருக்கின்றன.

நாமும் ஆங்கிலத்துக்குள் கூட்டுப்பெயர் செய்திருக்கிறோம். 'பேட்ச்மேட்', காவல்துறையின் 'ஹிஸ்டரி-ஷீட்டர்' எல்லாம் இந்தியாவில் செய்தவை. 'கஸின் பிரதர்' என்றால் ஆங்கிலேயருக்குப் புருவம் உயரும், வெறும் 'கஸின்' போதுமே என்பார். ஒன்றுவிட்ட அண்ணனையும் அக்காளையும் ஒரே சொல்லில் அடைக்க நமக்கு மனம் வராததால் பிறந்த சொல் அது. தேர்வில் எழுத வேண்டாம், வீட்டில் தாராளமாகச் சொல்லலாம். சகலைக்குக் 'கோ-பிரதர்' என்று தென்னிந்தியாவில் வழங்குவதையும் நான் தவறு என்று அடிக்கமாட்டேன். ஆங்கிலத்தில் அந்த உறவுக்குத் தனிப்பெயரே கிடையாது, தேவைப்பட்டவர்கள் செய்துகொண்டார்கள்.

நம் கூட்டுச்சொற்கள் முழுசாகவே அங்கே போனதும் உண்டு. கட்டுமரம் வினைத்தொகை: கட்டிய மரம், கட்டும் மரம். ஆங்கிலத்தில் அது 'கேட்டமரான்' என்று ஒரே சொல்லாகி, இன்று இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. அந்தப் படகில் கட்டும் இல்லை, பெரும்பாலும் மரமும் இல்லை. மிளகுத்தண்ணீர் 'மலிகடானி' ஆயிற்று. உள்ளே தண்ணீர் இருப்பது தெரியாததால் அவர்கள் அதன் பின்னால் இன்னொரு சொல்லைச் சேர்த்து 'மலிகடானி சூப்' என்று உணவகப் பட்டியலில் எழுதுகிறார்கள். மூன்று சொல் சேர்ந்த அந்தக் கூட்டுப்பெயரில் முதல் இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம்தான்.